ஹீட்டர் வால்வைத் தொட்டால் சுர்ரென்கிறது, தண்ணீரும் சூடாகவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீட்டில், 12ஆம் மாடியில் இருக்கிறோம். அதுதான் புளோக்கின் மேல்மாடி. குளியலறையில் 3.3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கிறது, வாங்கி ஏழு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்காரர் பெரிய மழை ஷவர் ஒன்று வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து தண்ணீர் வெதுவெதுப்போடு சரி. ஹீட்டருக்குக் கீழே உள்ள வால்வைக் குறைத்து வைத்தால் கொஞ்சம் சூடு வருகிறது, ஆனால் குளிக்கும்போது நடுவில் திடீரென்று சில்லென்று ஆகி, மறுபடி சூடாகிறது. போன வாரம் இரண்டு முறை வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், அந்த வால்வைத் தொட்டபோது விரலில் சுர்ரென்றது என்கிறார். நான் தொட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த ரிப்பேர்காரர் ஒருவர், உங்கள் ஆர்சிசிபி ரொம்ப சென்சிடிவ், 100 மில்லியாம்ப் ஒன்று போட்டுவிட்டால் விழாது என்றார். வீட்டுக்காரர், ஆன்லைனில் 6 கிலோவாட் ஹீட்டர் வருகிறது, அதை வாங்கிவிடலாம் என்கிறார். தீபாவளி வருகிறது. எட்டுப் பேர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஈசூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சூடு போதாத விஷயத்தைப் பிறகு பார்ப்போம். இதைப் படிக்கும்போதே எழுந்து போய், குளியலறைக்கு வெளியே சுவரில் இருக்கும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதிலுள்ள சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். மேலே ஒரு டேப்பை ஒட்டி, இதை யாரும் போடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் பணிப்பெண்ணிடமும் தனியாக ஒரு தடவை சொல்லுங்கள். மின்பணியாளர் வந்து சோதித்துச் சொல்லும் வரை யாரும் அந்த ஹீட்டரில் குளிக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதை நம்புங்கள். உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் ஈரக் கையோடு, வெறுங்காலில், ஈரத் தரையில் நின்று தொட்டிருப்பார். நீங்கள் சோதித்துப் பார்க்கப் போனபோது கை காய்ந்திருக்கும், காலில் ஒருவேளை ரப்பர் செருப்பு இருந்திருக்கும். அதோடு, கசிவு எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது. ஹீட்டர் ஓடிச் சூடேறும்போது கூடும், ஆறியதும் குறையும். மனித உடம்பு 1 மில்லியாம்ப் அளவிலேயே கரண்டை உணர்ந்துவிடும். 10 மில்லியாம்பைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30க்கு மேல் போய்ச் சற்று நேரம் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. அவருக்குச் சுர்ரென்றது இந்த வரிசையின் முதல் படி. இரண்டாவது படியைச் சோதித்துப் பார்க்க யாரும் மறுபடி தொட வேண்டாம், நீங்களும்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஹீட்டரில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கக்கூடும். ஹீட்டருக்குள்ளே தண்ணீரைச் சூடாக்குவது ஓர் உலோகக் குழல். அதற்குள் சுருள் கம்பி இருக்கும். கம்பி குழலின் சுவரைத் தொடாதபடி நடுவில் வெள்ளைப் பொடி ஒன்றை இறுக்கி அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, குழலில் மெல்லிய விரிசல் விழும். தண்ணீர் உள்ளே போகும், பொடி ஈரமாகும், கரண்ட் கசியும். இது முதல் கோளாறு. ஏழு வருடம் ஓடிய ஹீட்டரில் இது வருவது சகஜம். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு நேராக எர்த்துக்குப் போய்விடும், ஆர்சிசிபி விழும், தொட்டவருக்கு ஒன்றும் தெரியாது. தொட்டவருக்குச் சுர்ரென்றது என்றால் எர்த் இணைப்பும் எங்கோ தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதுதான் இரண்டாவது. எர்த் இல்லாத ஹீட்டரில் கசிவு போக வழியில்லாமல் வால்விலும் தண்ணீரிலும் காத்திருக்கும். அந்த நிலையில் ஆர்சிசிபி விழுவதற்கே, ஒரு மனிதர் தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாய வேண்டியிருக்கும்.

இப்போது பக்கத்து வீட்டுக்கு வந்தவர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். வீடுகளில் ஆர்சிசிபி 30 மில்லியாம்புக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி, மேலே சொன்ன உடம்புக் கணக்கிலிருந்து வந்தது. நல்ல ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் இடையில் எங்கோ விழும். 30ஐத் தொட்டால் 0.3 வினாடிக்குள் விழுந்தே ஆக வேண்டும். 100 மில்லியாம்ப் ஒன்றைப் போட்டால் அது விழாது என்று அவர் சொன்னது உண்மைதான். உங்கள் மாமியார் உடம்பில் 40, 50 மில்லியாம்ப் பாயும்போதும் அது விழாது. சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முந்திய பழைய வீடுகளிலும் பொருத்தியாக வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் 2023இல் விதி கொண்டுவந்து, 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது. அவ்வளவு தூரம் போய் ஒவ்வொரு வீட்டிலும் வைக்கச் சொன்ன ஒரு பொருளை, விழுகிறதே என்று மாற்றுவது எப்படிச் சரியாகும்? உங்கள் வீட்டு ஆர்சிசிபி இரண்டு முறையும் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. அந்த ரிப்பேர்காரரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

சரி, ஹீட்டர்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது? சுவர் சுவிட்சை அணைத்த பிறகு இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஆர்சிசிபி விழவே இல்லை என்றால் காரணம் ஹீட்டரேதான் என்று கிட்டத்தட்ட முடிவுகட்டலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் இதில்தான் குழம்புகிறார்கள். டிபி பெட்டியில், அதாவது வீட்டின் மின் விநியோகப் பெட்டியில், ஹீட்டருக்கு உரிய எம்சிபியை (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனிச் சுவிட்ச்) மட்டும் இறக்கிவிட்டு, அப்படியும் ஆர்சிசிபி விழுகிறதே, ஆகவே ஹீட்டரில் கோளாறு இல்லை என்று நினைத்துவிடுவார்கள். எம்சிபி லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். ஹீட்டருக்குள்ளே நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) பக்கம் எர்த்தோடு ஒட்டியிருந்தால், அது இறங்கியிருக்கும்போதும், வேறு ஏதாவது சாமான் ஓடினால் ஆர்சிசிபி விழும். குளியலறைக்கு வெளியே உள்ள 20 ஆம்ப் சுவிட்ச் டபுள் போல் வகை. லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும். ஆகவே சோதனைக்கு அந்தச் சுவிட்சைத்தான் நம்ப வேண்டும்.

அதை அணைத்த பிறகும் விழுந்தால், வேறு சாமான் காரணமாக இருக்கலாம். எல்லா எம்சிபிகளையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில் உள்ள பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். பழைய கெட்டில், சோற்றுப்பானை, சலவை இயந்திரம், இவையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசிந்து, சேர்ந்து விழவைப்பதும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் வால்வைத் தொட்டுச் சுர்ரென்றது என்பதால் என் விரல் ஹீட்டரைத்தான் காட்டுகிறது.

அப்புறம், பெட்டியில் எது விழுந்தது என்று பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய உதவி. ஆர்சிசிபி விழுந்தால் கசிவு. எம்சிபி மட்டும் விழுந்திருந்தால் அதிகச் சுமை அல்லது ஷார்ட். மின்பணியாளரை அழைக்கும்போது இந்த ஒரு தகவலைச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி தண்ணீர் ஏன் சூடாகவில்லை என்பதைப் பார்ப்போம். இதற்கும் கரண்ட் கசிவுக்கும் சம்பந்தம் இல்லை. காரணம் அந்த மழை ஷவர். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் சேமிப்புத் தொட்டி கிடையாது, தண்ணீர் கடந்து போகும் சிறு தொட்டி மட்டும்தான். தண்ணீர் ஓடும்போதே, ஓடுகிற அந்தச் சில நொடிகளில்தான் சூடாக்கும். 3.3 கிலோவாட் சக்தி ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 47 டிகிரி உயர்த்தும். மூன்று லிட்டர் ஓடினால் அதே சக்தி மூன்றாகப் பிரிந்து, சுமார் 16 டிகிரிதான் உயரும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால் 44 டிகிரி வரும், அது நல்ல சூடு. நான்கு லிட்டர் என்றால் 40, குளிக்கச் சுகமாக இருக்கும். ஆறு லிட்டர் என்றால் 36, அதாவது உடம்புச் சூட்டை விடக் குறைவு, தொட்டால் வெதுவெதுப்பு. பெரிய மழை ஷவர்களில் எட்டு, பத்து லிட்டர் ஓடும். அப்போது 33, 34 டிகிரிதான் கிடைக்கும். டயலை எவ்வளவு திருகினாலும் அதற்கு மேல் ஏறாது. ஹீட்டரின் மேல் குற்றமில்லை.

உங்கள் வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று நீங்களே அளந்துவிடலாம். சுவர் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். ஷவரைத் திறந்து, வாளியில் சரியாக ஒரு நிமிடம் தண்ணீர் பிடியுங்கள். பிறகு 1.5 லிட்டர் பாட்டிலால் முகந்து எத்தனை பாட்டில் என்று எண்ணுங்கள். இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்தால் அளவு சரி. நான்கு, ஐந்து என்று போனால் அந்த ஷவர் இந்த ஹீட்டருக்குப் பொருந்தாது. பழைய சின்ன ஷவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதை மறுபடி மாட்டுங்கள். இன்னொரு விஷயம். மழை ஷவரோடு வந்த கைப்பிடியில் தண்ணீரை நிறுத்தும் பட்டன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைக்கென்று தனியாக மாட்டும் இந்த வகை ஹீட்டர்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீர் வெளியேறும் பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். திறப்பதும் மூடுவதும் உள்ளே வரும் பக்கத்து வால்வில் மட்டும்தான். வெளியேறும் பக்கத்தில் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடித் தொட்டியே வெடிப்பு விடலாம். ஹீட்டரோடு வந்த ஷவரையே பயன்படுத்துங்கள் என்று தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதுவது இதற்காகத்தான்.

நடுவில் சில்லென்று ஆவது இதன் தொடர்ச்சி. சூடு போதவில்லை என்று வால்வைக் குறைத்தீர்கள், சரியான யோசனைதான். ஆனால் ஹீட்டருக்குள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால், வெறும் தொட்டியைச் சூடாக்கிவிடக்கூடாது என்று அது கரண்டை நிறுத்திவிடும். பல ஹீட்டர்களில் அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர். நீங்கள் இருப்பதோ மேல்மாடி. அடுக்குமாடிகளில் கீழ் மாடிகளுக்குத் தெருக் குழாயின் அழுத்தமே போதும். மேல் மாடிகளுக்குத் தண்ணீர் கூரைத் தொட்டியிலிருந்து இறங்குகிறது. தொட்டிக்கு ஒட்டிக் கீழே இருக்கும் உங்கள் மாடிக்கு இயல்பாகவே அழுத்தம் குறைவு. காலையில் சலவை இயந்திரம் தண்ணீர் இழுக்கும்போதோ, இன்னொரு கழிவறையில் யாராவது ஃபிளஷ் செய்யும்போதோ ஓட்டம் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். ஹீட்டர் நிற்கும், சில்லென்று வரும். அழுத்தம் திரும்பியதும் மறுபடி ஓடும். நீங்கள் சொல்லும் சூடு, சில், சூடு அதுவாகத்தான் இருக்கும். குளிக்கும் நேரத்தில் சலவை இயந்திரத்தை நிறுத்தி வைத்தாலே பெரும்பாலும் தீரும்.

அது தீராவிட்டால் வடிகட்டியைப் பாருங்கள். ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு சின்ன வலை இருக்கும். கூரைத் தொட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும். நகர மன்றம் அந்த வேலை செய்த பிறகும், புளோக்கில் குழாய் வேலை நடந்த பிறகும், மணலும் துருத் துகளும் வந்து அந்த வலையில் அடையும். சுவர் சுவிட்ச் அணைந்திருக்க, வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி, வலையை எடுத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி மறுபடி பொருத்தலாம். வாஷரை மறக்காதீர்கள். ஷவரின் துளைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். வீட்டில் செய்யக்கூடிய வேலை இவ்வளவுதான். ஹீட்டரின் மூடியைத் திறக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் கைவேலை தெரிந்தவர் போலத் தெரிகிறது. அவரிடமும் சொல்லுங்கள், மூடிக்குள்ளே இருப்பதை உரிமம் உள்ளவர் பார்க்கட்டும்.

பக்கத்து வீடுகளிலும் தண்ணீர் மெலிந்து வருகிறதா என்று விசாரித்துப் பாருங்கள். எல்லா வீட்டிலும் அப்படி என்றால் நகர மன்றத்தில் புகார் கொடுங்கள். உங்கள் ஒரு வீட்டில் மட்டும் என்றால், வீட்டுக்குள் வரும் மெயின் வால்வு பாதி மூடிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாயம் அடிக்க வந்தவர்கள் மூடிவிட்டுப் பாதியோடு திறந்து வைத்துப் போவது நடக்கிற விஷயம்.

மின்பணியாளர் விஷயத்துக்கு வருவோம். நிலையான மின் இணைப்பில் கைவைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம், அவரிடம் நேரிலும் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்பவர் உங்களுக்கு வேண்டாம். அவர் வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. முதலில் மெகர் என்கிற கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஹீட்டரிலும் அதற்கு வரும் கம்பியிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிக்குக் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஹீட்டரின் குழலில் தண்ணீர் புகுந்திருந்தால் அதை விட வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும். பிறகு எர்த் கம்பி ஹீட்டரின் முனையிலிருந்து டிபி பெட்டி வரை அறுபடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் புது ஹீட்டரை மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிப் போக விடாதீர்கள். எர்த் அறுந்த இடத்தில் புது ஹீட்டரை மாட்டினால், அது பழசாகும் நாளில் இதே சுர் மறுபடி வரும்.

மூன்றாவதாக, அந்தச் சுவர் சுவிட்சைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். 3.3 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 14 ஆம்புக்கு மேல் இழுக்கும். திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, உள்ளே கம்பியின் தோல் கருகியிருக்கும். ஒருவர் ஐந்து நிமிடம் குளிப்பதில் அது தெரியாது. தீபாவளிக் காலையில் எட்டுப் பேர் அடுத்தடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போதுதான் தெரியும். சுவிட்சின் முகத்தில் பழுப்பு நிறமோ, பக்கத்தில் போனால் கருகிய வாடையோ உங்களுக்கே தெரிந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

குழலில் கசிவு உறுதியானால், என் அபிப்பிராயம், ஹீட்டரையே மாற்றிவிடுங்கள். ஏழு வருட ஹீட்டரில் குழலை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் ரப்பர் வாஷர், அதற்கடுத்து தொட்டி என்று செலவு வந்துகொண்டே இருக்கும். சின்ன ஷவரோடு, அதே 3.3 கிலோவாட்டில், உள்ளேயே இஎல்சிபி (கசிவு வந்தால் ஹீட்டரைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த ஒன்றை வாங்குங்கள். மேல்மாடி என்பதால், உள்ளே சிறு பம்ப் வைத்த மாடலும் கடையில் காட்டுவார்கள். கூரைத் தொட்டித் தண்ணீர் வரும் வீட்டுக்கு அது உதவும். ஆனால் ஷவரை மாற்றி, வலையைக் கழுவிய பிறகும் ஓட்டம் போதவில்லை என்றால்தான் அந்தச் செலவு. வாங்கும் ஹீட்டரில் சேஃப்டி மார்க் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பதிவு எண்ணோடு அச்சிட்டிருக்கும். வாட்டர் ஹீட்டர் அந்த முத்திரை இல்லாமல் இங்கே விற்கக்கூடாத பொருள்களில் ஒன்று.

ஆன்லைனில் பார்த்த 6 கிலோவாட் ஹீட்டர் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. அது 26 ஆம்ப் இழுக்கும். உங்கள் சுவிட்ச் 20 ஆம்ப், அதற்கு வரும் கம்பியும் அந்தக் கணக்கில் போட்டதுதான். பழைய வீவக வீடுகள் பலவற்றில் வீடு முழுமைக்குமே மெயின் 30 ஆம்ப்தான், புதியவற்றில் 40. ஹீட்டர் 26, அதோடு இரண்டு அறையில் ஏர்கான், சமையலறையில் கெட்டில் என்றால் எங்கே போய் நிற்கும்? பிரிட்டன் மாதிரி குளிர் நாடுகளில் எட்டு, பத்து கிலோவாட் ஷவர் ஹீட்டர் போடுவார்கள். அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே வரும், அதற்கேற்ற தடித்த கம்பியும் போட்டிருப்பார்கள். 28 டிகிரியில் வரும் நம் தண்ணீருக்கு 12 டிகிரி ஏற்றினால் போதும். மார்கழி மழையில் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்து வந்தால் வால்வை ஒரு சுற்றுக் குறைத்தால் சரியாகிவிடும்.

கரண்ட் பில்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தாலும் 4.4 யூனிட்தான். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் சுமார் ஒரு வெள்ளி முப்பது காசு. குளிப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே சுவிட்சைப் போட்டு வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது தொட்டி ஹீட்டருக்கு உரியது. இந்த வகையில் தண்ணீர் ஓடினால்தான் சூடு, முன்கூட்டிப் போட்டு ஒரு பயனும் இல்லை. புது ஹீட்டர் வந்ததும் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒருவர் குளித்து மூடிய உடனே அடுத்தவர் திறந்தால், முதலில் வரும் தண்ணீர் கூடுதல் சூடாக இருக்கும். உள்ளே தங்கிய தண்ணீர் மேலும் காய்ந்திருப்பதுதான் காரணம். மாமியாரையும் சின்னப் பிள்ளைகளையும் ஷவருக்கு அடியில் நிற்க வைத்துத் திறக்காமல், சில நொடி ஓடவிட்டுக் கையால் பார்த்த பிறகு நிற்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியிலும் ஹீட்டரிலும் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

தீபாவளி நெருங்கினால் மின்பணியாளர்கள் கிடைப்பது கடினம், இந்த வாரமே நேரம் கேட்டு வைத்துவிடுங்கள். அதுவரைக்கும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளிப்பதில் தவறில்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு, காய்ந்த தண்ணீரைச் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கலக்குங்கள். நிறைந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்க வேண்டாம். ஊரிலிருந்து வரும்போது மாமியார் வாளியில் போடும் காயில் ஹீட்டரைக் கொண்டு வந்திருந்தால், அது பெட்டியிலேயே இருக்கட்டும். இங்குள்ள பிளக்கும் அதற்குச் சேராது. வாளித் தண்ணீருக்குள் கரண்ட் ஓடும்போது பிள்ளைகள் யாராவது கையை விட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.